எத்தனை மில்லிநொடி தூரம்

முதலில் தேர்வின் கணக்கு. அமேசான் வெப் சர்வீசஸின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்: 65 கேள்விகள், 130 நிமிடங்கள், 1000க்கு 720 எடுத்தால் தேர்ச்சி, கட்டணம் 150 டாலர். 65இல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. பின்னால் வரப்போகும் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கும் கேள்விகள் அவை. எவை என்று எழுதுபவருக்குச் சொல்ல மாட்டார்கள். தவறான விடைக்குக் கழிவு இல்லை, ஆகவே ஒன்றையும் விடாமல் குறித்துவிட வேண்டும். தேறாவிட்டால் 14 நாள் காத்திருந்து மறுபடி முழுக் கட்டணம் கட்டி எழுதலாம். தேறினால் சான்றிதழ் 3 ஆண்டு செல்லும்; அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணம்.

இன்னொன்று. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் கேட்டால் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். தேதி பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஒருமுறை ஒப்புதல் கிடைத்தால் அடுத்தடுத்த தேர்வுகளுக்கும் அது தொடரும். எனக்குத் தெரிந்த பலர் இதைக் கேட்காமலே எழுதியிருக்கிறார்கள். கேட்க வேண்டும். கேள்வி ஒவ்வொன்றும் ஒரு பத்தி நீளம். ‘மிகக் குறைந்த செலவில்’ என்று முடிந்தால் ஒரு விடை, ‘மிகக் குறைந்த பராமரிப்பில்’ என்று முடிந்தால் வேறொரு விடை. நிதானமாகப் படிக்க நேரம் வேண்டும். அது நமக்குரிய நேரம்.

*

பினாங்கு. ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவை ஒட்டிய சந்தில் அறை.

இங்கே காலை ஏழு மணி தாண்டித்தான் விடிகிறது. தீபகற்ப மலேசியா 1982 தொடக்கத்தில் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, கிழக்கே இருக்கும் சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்கிக்கொண்டது. மேற்கு ஓரத்தில் இருக்கும் பினாங்குக்கு அதனால் இருட்டு விடியல். எனக்கு அது வசதி. ஊர் எழும்புமுன் இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. சர்வர்கள் எதுவும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அவற்றின் பதிவுகள் எல்லாம் யுடிசி நேரத்தில். மலேசியா எட்டு மணி முன்னால், தாய்லாந்தும் வியட்நாமும் ஏழு, இந்தியா ஐந்தரை. தேர்வுக்குப் பதியும்போது எந்த ஊர் நேரம் என்பதை இரண்டு முறை பார்க்கவும்.

*

அம்மா போனில்: “வேலையையும் விட்டுட்ட. இப்ப பரீட்சைக்குப் படிக்கிறேங்கிற. அதை இங்க உக்காந்து படிச்சா ஆகாதாடி?”

நியாயமான கேள்வி. அம்மாவுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு மேல் சோழிங்கநல்லூரில் இரவுப் பணி. அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. திரையில் யுஎஸ்-ஈஸ்ட்-1 என்று இருக்கும். வடக்கு வெர்ஜீனியா. அங்கே ஒரு இயந்திரம் நின்றால் இங்கே என் போன் அடிக்கும். ஒரு ராத்திரியில் ஐந்தாறு முறை அடித்திருக்கிறது. அந்த வேலையில் கற்றது ஏராளம், ஆனால் எல்லாம் அவசரத்தில் கற்றது: எது எரிகிறதோ அதை அணைக்கத் தெரியும், கட்டடம் ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்று உட்கார்ந்து யோசிக்க வாய்த்ததில்லை. வேலையில் இருந்தபடியே படித்தவர்களை மதிக்கிறேன். எனக்கு இரவுப் பணி முடித்து வந்து புத்தகத்தைத் திறக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. 90 நாள் நோட்டீஸ் முடித்து, சேமிப்பை எண்ணிப் பார்த்து, கிளம்பினேன்.

ஏன் வெளிநாடு? விசா இல்லாமலும் எளிய விசாவிலும் போகக்கூடிய ஊர்களில், சென்னையில் தனியாக வீடெடுப்பதற்கு ஆகும் செலவுக்குள் வாழ முடிகிறது என்பது ஒரு காரணம். இரண்டாவது காரணம்தான் பெரியது. இத்தனை வருடம் திரையில் ஊர்ப்பெயர்களாகப் பார்த்த இடங்களுக்கு நடுவே போய் நின்று படிக்க வேண்டும் என்று தோன்றியது. சிங்கப்பூர், மும்பை, ஜகார்த்தா, டோக்கியோ என்று பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கிருந்து இங்கே எவ்வளவு தூரம், நடுவில் என்ன கடல், யார் ஊர் என்பது தெரிந்திருக்க வேண்டும். கிளவுட் படிப்பின் பாதி, பூகோளம்.

அம்மா கடைசியில் கேட்டது: “சரி, நேரத்துக்குச் சாப்பிடுறியா?”

*

விசா நாள்களே பாட அட்டவணையை வகுத்துக் கொடுத்துவிட்டன. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் அனுமதிக்கிறது: அதற்குள் நெட்வொர்க்கிங் முடிக்க வேண்டும். தாய்லாந்து தன் விசா இல்லா அனுமதியை 2024 ஜூலையில் 60 நாளாக்கியது. வியட்நாமில் 2023 ஆகஸ்டு முதல் 90 நாள் இ-விசா. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்வதே சரி. இவை எதுவும் அங்கே வேலை பார்க்க அனுமதி அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

*

ஒளியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு வேகம். ஆக 100 கிலோமீட்டர் போய்வர 1 மில்லிநொடி. இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் தானாக அவிழ்கிறது.

பட்டியலில் இருக்கும் ஊர் ஒவ்வொன்றும் ஒரு ரீஜன். ஒரு ரீஜனுக்குள் பல அவைலபிலிட்டி ஸோன்கள். ஒவ்வொன்றும் ஒன்றோ பலவோ டேட்டா சென்டர்கள் சேர்ந்தது. தனி மின்சாரம், தனி நெட்வொர்க். ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஆனால் எல்லாம் 100 கிலோமீட்டருக்குள். தள்ளி இருப்பது, ஒரே வெள்ளத்திலும் ஒரே மின்வெட்டிலும் இரண்டும் போகாமல் இருக்க. 100க்குள் இருப்பது, தரவுத்தளத்தில் எழுதிய ஒரு வரி இரண்டாவது ஸோனிலும் பதிந்துவிட்டது என்று உறுதி வந்த பிறகே ‘முடிந்தது’ என்று சொல்வதற்காக. ஒன்றிரண்டு மில்லிநொடி என்றால் காத்திருக்கலாம். சிங்கப்பூரில் எழுதியதை வெர்ஜீனியாவில் உறுதிசெய்து வா என்றால் வரிக்கு 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். எந்தக் கடையும் தாங்காது. ஆகவே ஸோன்களுக்கு நடுவே உடனுக்குடன் பிரதி, வேறு ரீஜனுக்குச் சற்றுப் பிந்திய பிரதி. மல்ட்டி-ஏஇசட்டையும் வேறு ரீஜனில் வைக்கும் ரீட் ரெப்ளிகாவையும் பாடத்தில் இரண்டு வரையறையாக மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். மனப்பாடம் தேவையில்லை. தூரம் தெரிந்தால் போதும்.

*

சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவே கடலடியில் கேபிள் இருக்கிறது. பே ஆஃப் பெங்கால் கேட்வே: ஓமானின் பர்காவில் தொடங்கி ஃபுஜைரா, மும்பை, கொழும்புக்குப் பக்கம், சென்னை என்று வந்து பினாங்கில் கரையேறுகிறது. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1870–71இல், மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் போட்டுவிட்டார்கள். அன்றைய கடலடிக் கேபிள்களில் செம்புக் கம்பியைக் கடல்நீரிலிருந்து காத்தது கட்டாபெர்ச்சா, இந்த மலாய்த் தீவுகளின் காட்டு மரத்துப் பால். உலகம் முழுக்க ஓடிய தந்திக் கேபிள்களுக்காக அந்த மரங்களை வெட்டித் தீர்த்தார்கள்.

அதே பாதை. சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கப்பலில் வந்த பாதையும் ஏறக்குறைய இதுதான். நான் தங்கியிருக்கும் தெரு அவர்கள் பெயரில்.

இங்கிருந்து சிங்கப்பூர் ரீஜனுக்கு பிங் போட்டால் இருபது மில்லிநொடிக்குள் வருகிறது. சென்னையிலிருந்து முப்பத்தைந்தைச் சுற்றி இருக்கும். சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி. கணக்கு சரியாக வருகிறது. கணக்கு சரியாக வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, வேலையில் இருந்த வருடங்களில் எனக்கு அபூர்வம்.

*

படிக்கும் இடம்: ஸ்காட்லாந்து சாலையில் 2016இல் திறந்த பினாங்கு டிஜிட்டல் நூலகம். இரவில் மாமாக் கடை. தே தாரிக் ஒன்று வாங்கினால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுப்புவதில்லை. மலேசியாவில் மூன்று தட்டை முள் பிளக். அடாப்டர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

*

2015 டிசம்பர் 2. சென்னை வெள்ளத்தில் தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகையின் வரலாற்றில் அதுவே முதல்முறை என்றார்கள். காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர வழியில்லை.

பேரிடர் மீட்புப் பாடத்தில் நான்கு வழிகள்: பேக்கப் எடுத்து வைத்து மீட்பது, பைலட் லைட், வார்ம் ஸ்டாண்ட்பை, இரண்டு இடத்திலும் முழுதாக ஓடுவது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகப் போகச் செலவு கூடும், மீளும் நேரம் குறையும். இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் எது வேண்டும் என்பது தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும்? எவ்வளவு தரவு போனால் தாங்கும்? பாடநூல் இவற்றை இயந்திரங்களைப் பற்றிய கேள்விகளாகவே வைக்கிறது. சென்னையில் அந்த வாரம் இருந்தவர்களுக்குத் தெரியும்: கட்டடம் நிற்கும், ஜெனரேட்டர் ஓடும், ஆனால் வேளச்சேரியிலிருந்து ஆள் வர முடியாது. மனிதர்கள் போய்ச்சேரும் தூரமும் வடிவமைப்புக்குள் வர வேண்டும்.

*

சியாங் மாய். நிம்மான்ஹேமின் சாலைப் பக்கம்.

மார்ச்சில் இங்கே வரக் கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுற்றிலும் வயலும் காடும் எரிகின்றன. எல்லைக்கு அப்பால் மியான்மரிலும் லாவோஸிலும் அதே. மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் புகை தங்கிவிடுகிறது. சில நாள்களில் உலகின் மிக மாசுபட்ட நகரப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்துவிடுகிறது. நான் வந்திருப்பது மழைக்காலம். வானம் தெளிவு, தோய் சுதெப் மலை பச்சை.

அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53 பற்றிய பாடம் இங்கே நேரில் விளங்குகிறது. பயனர் எங்கே இருக்கிறாரோ அதற்கேற்ப எந்த சர்வருக்கு அனுப்புவது என்பதற்குப் பல வழிகள் உண்டு. ஜியோலொகேஷன் என்றால், தாய்லாந்திலிருந்து வருகிறாயா, இதோ தாய் மொழிப் பக்கம். லேட்டன்ஸி என்றால், எங்கிருந்து வந்தால் என்ன, யார் சீக்கிரம் பதில் சொல்வாரோ அங்கே போ. எனக்கு ஒரு நாளில் பலமுறை தாய் எழுத்தில் பக்கம் திறக்கிறது. அந்த எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அது என் மொழி அல்ல. நான் எங்கே நிற்கிறேன் என்பதை வைத்து நான் யார் என்று முடிவு செய்துவிட்டார்கள். தேர்வில் இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்து எது சரி என்று கேட்பார்கள். உரிமம் காரணமாக ஒரு நாட்டவருக்கு மட்டும் காட்ட வேண்டிய படம் என்றால் ஜியோலொகேஷன். வேகம் வேண்டும் என்றால் லேட்டன்ஸி. மொழியைத் தீர்மானிக்க இரண்டுமே போதாது, பயனரைக் கேட்க வேண்டும். இது பாடத்திட்டத்தில் இல்லை. ஊர் விட்டு ஊர் போய் வாழும் தமிழர் எல்லாருக்கும் இது தெரியும்.

*

லேப் செலவு பற்றி, பின்னால் படிக்க வருபவர்களுக்காக.

ஒரே இயந்திரத்துக்கு ஊருக்கு ஊர் விலை வேறு. டி3.மைக்ரோ, லினக்ஸ், ஒரு மணிக்கு: வெர்ஜீனியாவில் 0.0104 டாலர், மும்பையில் 0.0112, சிங்கப்பூரில் 0.0132. நாட் கேட்வே வெர்ஜீனியாவில் மணிக்கு 0.045, சும்மா நின்றாலே மாதம் 32 டாலருக்கு மேல். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர். ஆகவே விபிசி லேப் செய்தால் கையோடு கலைத்துவிட வேண்டும். முதல் நாளே பட்ஜெட் எச்சரிக்கை போட வேண்டும். 2025 ஜூலைக்குப் பிறகு புதிய கணக்குகளுக்கு இலவசச் சலுகை மாறிவிட்டது: 200 டாலர் வரை கிரெடிட், இலவசத் திட்டம் 6 மாதம். பழைய வீடியோக்களில் சொல்லும் 12 மாதக் கணக்கு புதியவர்களுக்குப் பொருந்தாது.

விலை வேறுபாட்டையும் பூகோளமாகப் படிக்கலாம். சிங்கப்பூரில் நிலம் இல்லை, மின்சாரம் விலை அதிகம். வெர்ஜீனியாவில் இரண்டும் தாராளமாக இருந்த காலத்தில் கட்டத் தொடங்கினார்கள்.

*

இந்திய சிம்முக்குத்தான் வங்கி ஓடிபி வரும். அதை அணைத்துவிட்டு வெளிநாட்டு சிம் மட்டும் போட்டுக்கொண்டால் தேர்வுக் கட்டணம்கூடக் கட்ட முடியாது. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிட வேண்டும். கிளவுட் கணக்கின் ரூட் பயனருக்கு எம்எஃப்ஏ ஒரே போனில் இருக்கக் கூடாது. 8 கருவி வரை பதிய விடுகிறார்கள். ஒரு பாதுகாப்புச் சாவியை வீட்டில் அப்பாவின் பீரோவில் வைத்திருக்கிறேன். போன் தொலைந்தால் பிரயாணம் மட்டும் நிற்கட்டும், படிப்பு நிற்க வேண்டாம்.

*

பெயர். சான்றிதழ்க் கணக்கில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதும்போது அந்த ஆவணம் பாஸ்போர்ட்தான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. சிலர் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள், சிலர் இனிஷியலை விரித்திருப்பார்கள், சிலருடையது காலியாகவே இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று சொன்னபோது எத்தனை வீடுகளில் கலக்கம்! நம் பெயரிடும் முறையில் குறை ஏதும் இல்லை, படிவங்கள்தான் குறுகலானவை. இருந்தாலும் தேர்வு நாளன்று வாசலில் நின்று அதை விளக்க முடியாது. பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் கணக்கில் போட்டுவிடவும். மாற்ற வேண்டுமானால் தேதி பதியும் முன்.

*

டம்ப்ஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

தேர்வில் வந்த கேள்விகளைத் திருடி விற்கும் கோப்புகள். சென்னையில் ‘டம்ப் இருக்கா?’ என்று டீக்கடையில் கேட்கும் அளவுக்கு அது சகஜம். தேர்வுக்கு முன் நாம் ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கைக்கு எதிரானது. பிடிபட்டால் சான்றிதழ் போகும், மறுபடி எழுதத் தடை வரும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மருத்துவமனையின் பதிவு அமைப்பு நின்றுபோனால், எதிரில் இருப்பது நான்கு விடைகளில் ஒன்று அல்ல. சான்றிதழை நம்பி ஒருவர் கையில் சாவியைக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கடைச் சரக்காக்குவது எனக்குச் சகிக்கவில்லை. வேலை தேடும் பதற்றத்தில் இருக்கும் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. விற்பவர்களைச் சொல்கிறேன், சான்றிதழ்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆளெடுக்கும் நிறுவனங்களையும் சொல்கிறேன்.

*

டா நாங். மீ கே கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே.

இந்தக் கரையில்தான் ஆசியா பசிபிக் கேட்வே கேபிள் ஏறுகிறது. 2023 பிப்ரவரியில் வியட்நாமின் ஐந்து கடலடிக் கேபிள்களும் ஒரே சமயத்தில் பழுதாகி இருந்தன. 2024 ஜூனில் மூன்று. ஆழம் குறைந்த கடல், நெரிசலான கப்பல் பாதை, மீன்பிடி வலை, நங்கூரம். பழுதுபார்க்கும் கப்பல்கள் எண்ணிக்கையில் குறைவு. வரிசையில் காத்திருக்க வேண்டும்.

காபிக் கடைப் பையனிடம் வேகம் பற்றிக் கேட்டேன். ‘கேபிள்’ என்று சொல்லிக் கையால் கடலைக் காட்டினான். அவனுக்கு அது அன்றாடச் செய்தி, நம் ஊரில் ஏரி மட்டத்தைச் சொல்வதைப் போல.

நிறுவனத்தைக் கிளவுடோடு தனி இணைப்பால் சேர்க்கும் டைரக்ட் கனெக்ட் பாடத்தில் இரண்டு இணைப்பு, இரண்டு வெவ்வேறு இடங்களில் என்று அழுத்திச் சொல்கிறார்கள். படத்தில் இரண்டு கோடுகள் தனித்தனியாகத்தான் தெரியும். கடலுக்கடியில் அந்த இரண்டும் ஒரே கேபிளில் போகிறதா என்று கேட்பதுதான் உண்மையான கேள்வி. 2006 டிசம்பரில் தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்தபோது ஒரே நீரிணையில் போன பல கேபிள்கள் சேர்ந்தே அறுந்தன. 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்தபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே மைக்ரோசாஃப்ட் அஸ்யூரின் சேவை தாமதமானது.

*

நிலத்துக்கு மேலும் ஒரே இடத்தில் எல்லாம் குவியும். 2025 அக்டோபர் 20: வடக்கு வெர்ஜீனியாவில் அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தின் டிஎன்எஸ் பதிவுகளைக் கவனிக்கும் தானியங்கி அமைப்பில் ஒரு பிழை. உலகம் முழுக்கச் செயலிகள் நின்றன. வேறு கண்டத்தில் இருந்தவர்களும் சேர்ந்தே நின்றார்கள், அவர்கள் சார்ந்திருந்த ஏதோ ஒரு சிறு பகுதி அங்கே இருந்ததால். அன்றிரவு பணியில் இருந்த என் பழைய சகாக்களை நினைத்துக்கொண்டேன்.

*

தேர்வை அறையிலிருந்து எழுதலாம், மையத்திலும் எழுதலாம். அறை என்றால் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மேசை காலியாக இருக்க வேண்டும், வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. பயணியர் விடுதிப் பொதுக்கூடத்தில் இது நடக்காது. இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டே எழுதுவதைவிட மையமே மேல். கோலாலம்பூருக்குத் திரும்பி வந்து எழுதினேன். முடிவு 5 வேலை நாள்களுக்குள் வரும் என்பார்கள், மறுநாளே வந்தது. தேர்ச்சி. அம்மாவிடம் சொன்னேன், “சரி, வேலை எப்ப?” என்றாள்.

அதுவும் நியாயமான கேள்வியே. சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. இடைவெளியில் என்ன செய்தாய் என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு தாள். அதைத் தாண்டி, ஒரு வரைபடத்தை முன்னால் வைத்தால் ஏன் இப்படி என்று இப்போது என்னால் வாதாட முடிகிறது. இதைத் தேடித்தான் வந்தேன்.

*

ஜொகூர். கூலாயிலிருந்து செடெனாக் பக்கம் வாடகைக் காரில்.

“தங்கச்சி ஊர்லேர்ந்தா?”

“ஆமாண்ணே, சென்னை.”

“இங்க பார்க்க ஒண்ணுமே இல்லயே. எல்லாம் டேட்டா சென்டர்தான் லா.”

“அதைத்தான் பார்க்கணும்ணே.”

சிரித்தார். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் வெட்டிய மேடு, அதில் ஜன்னல் இல்லாத நீண்ட கட்டடங்கள், உயர் அழுத்த மின்கோபுரங்கள். தன் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்றார். அப்புறம் மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள், குடும்பம் டவுனுக்கு வந்துவிட்டது. இப்போது இது.

சிங்கப்பூர் 2019இல் புதிய டேட்டா சென்டர்களுக்கு அனுமதியை நிறுத்தி, 2022இல் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்தது. 2020இல் அந்த நாட்டின் மின்பயன்பாட்டில் ஏறக்குறைய 7% டேட்டா சென்டர்களுக்கே போனது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும், 1924இல் திறந்த தரைப்பாலத்தைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டர், மறுகரையில் நிலமும் மின்சாரமும் மலிவு. 1 மில்லிநொடி தூரம். வராமல் இருப்பார்களா? வெப்பநாட்டில் இவ்வளவு இயந்திரங்களைக் குளிர்விக்க நிறையத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் என்ன செய்வது என்பது இங்கே இப்போது பெரிய பேச்சு.

நான் எழுதிய தேர்வின் பாடத்திட்டத்தில் நான்கு பகுதிகள்: பாதுகாப்பு 30%, தாங்குதிறன் 26%, வேகம் 24%, செலவு 20%. தண்ணீருக்கு இடம் இல்லை. அமேசானின் வெல்-ஆர்க்கிடெக்டட் வழிகாட்டியில் நீடித்த நிலைத்தன்மை என்ற ஆறாவது தூணை 2021 டிசம்பரில் சேர்த்தார்கள். தேர்வில் அதற்கென்று ஒரு பகுதி இன்னும் வைக்கவில்லை. வைக்க வேண்டும். ஒரு ரீஜனைத் தேர்ந்தெடுப்பவர், அந்த ஊர் எதைக் குடிக்கிறது என்றும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“பையன் எலக்ட்ரிகல் டிப்ளமா முடிக்கப் போறான். நீங்க எழுதின பரீட்சைய அவன் எழுதினா உள்ள வேலை கிடைக்குமா?” என்று கேட்டார்.

யோசித்துத்தான் சொன்னேன். “அதுக்கு இது வேண்டாம்ணே. உள்ள ஓடுறதே கரண்டும் ஏசியும்தான். அவன் படிச்ச படிப்புதான் அங்க வேணும். யுபிஎஸ், ஜெனரேட்டர், சில்லர் இதுல அனுபவம் சேர்த்துக்கச் சொல்லுங்க.”

“அப்ப செலவு மிச்சம்” என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தி, சொன்னதைப் பையனுக்குக் குரல்செய்தியாக அனுப்பினார்.

*

காரைக்குடிச் சித்தி தேன்குழலும் மனகோலமும் சீப்புச் சீடையும் செய்து பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் அனுப்புகிறார். ஆர்டர் எல்லாம் இதுவரை வாட்ஸ்அப்பிலும் நோட்டிலும். ஒரு தளம் போட்டுத் தா என்கிறார். பயணம் முடியுமுன் வரைந்து பார்க்கிறேன்.

மலேசியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து தனி ரீஜன் இருக்கிறது. வாங்குபவர்கள் அங்கேதான் அதிகம். முதலில் அங்கேயே வைக்கலாம் என்று தோன்றும். தேவையில்லை. படங்களும் பக்கங்களும் எஸ்3இல், முன்னால் கிளவுட்ஃப்ரண்ட். அது வாங்குபவருக்குப் பக்கத்திலிருந்தே பக்கத்தைக் கொடுத்துவிடும். ஆர்டர்கள் மும்பையில் டைனமோடிபியில். அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஆகும் தாமதத்தைப் பலகாரம் வாங்குபவர் யாரும் உணரப்போவதில்லை. பார்சல் போகவே நாள்கணக்கில் ஆகிறது. இரண்டு ரீஜனில் ஓட்டுவது சித்திக்கு வீண் செலவு. ஒரு நாள் தளம் நின்றால் தாங்கும், வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனால் ஒரு ஆர்டர்கூடத் தொலையக் கூடாது. தீபாவளிக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வீட்டுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே கடந்த 35 நாளில் எந்த நொடிக்கும் திரும்பக்கூடிய மீட்பு வசதி, கூடவே ஹைதராபாத் ரீஜனில் ஒரு பேக்கப் பிரதி.

சித்தி கேட்டது ஒன்றுதான்: மாதம் எவ்வளவு? முதல் வருடம் நூறு ஆர்டரா ஆயிரமா என்று தெரியாமல் சொல்ல முடியாது. போன தீபாவளி நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.